யாழ்ப்பாணத்திலிருந்து தனியே சைக்கிளில்: முதல் நாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்டி வரை போகும் ஏ9 வீதியால் தெற்கே வெளிக்கிடுபவர்களுக்கு முதல் 50 கிலோமீற்றர் மிகவும் இலகுவாகத் தெரியும். ஏற்றம் இல்லை, வீதி நல்ல வீதி, சாவகச்சேரி, கொடிகாமம் என்று கடைகள் தொடர்ந்து வரும். முதல் நாளில் பலர் தவறுவது இந்த இலகுவை நம்பித்தான்.

சோளகக் காலத்தில், அதாவது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், காற்று தென்மேற்கிலிருந்து வீசும். ஆனையிறவு வரை வீதி பெரும்பாலும் கிழக்குப் பக்கமாகப் போகிறது. அதனால் காற்று பக்கவாட்டிலும் கொஞ்சம் பின்னாலும் இருக்கும். அது தள்ளுவது நமக்குத் தெரியாது, கால்கள் நன்றாக உழைக்கின்றன என்று நினைத்துக்கொள்வோம். ஆனையிறவு தாண்டி வீதி தெற்கே திரும்பியதும் அதே காற்று முகத்துக்கு வந்துவிடும். இரண்டு பக்கமும் நீரேரி, ஒதுங்க நிழல் கிடையாது. நான் முதல் தடவை போனபோது பளை வரை பறந்தேன். பரந்தனுக்கு முன்பே முழங்கால் பிடித்து, இறங்கி உருட்ட வேண்டி வந்தது. பக்கத்தில் ஒருவர் வந்தால் மூச்சு வாங்காமல் கதைக்கக்கூடிய வேகம் போதும். காற்று எதிர்த்தால் கியரைக் குறையுங்கள், பழைய வேகத்தைப் பிடிக்க முயல வேண்டாம்.

வவுனியா வரை ஏறக்குறைய 140 கிலோமீற்றர். அதை முதல் நாளே முடிக்கத் திட்டமிடாதீர்கள். கிளிநொச்சி 65 கிலோமீற்றர் அளவில் வரும், அங்கே நில்லுங்கள். அடுத்த நாள் விடிய அதே சீற்றில்தான் மறுபடி உட்கார வேண்டும்.

அடுத்தது, பிந்தி வெளிக்கிடுவது. வழியனுப்ப வருபவர்கள், இன்னொரு தேத்தண்ணி, வாசலில் படம் எடுப்பது என்று எட்டு மணி ஆகிவிடும். அப்புறம் ஆனையிறவை உச்சி வெயிலில் கடக்க வேண்டியதுதான். விடைபெறுவதை முந்திய நாள் இரவே முடித்துவிட்டு, வெளிச்சம் வந்த உடனே புறப்படுங்கள். இருட்டில் மட்டும் வேண்டாம். வீதியில் படுத்திருக்கும் மாடுகள் கிட்டப் போகும்வரை தெரியாது.

தாகம் எடுத்த பிறகு குடித்தால் பிந்திவிடும். கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சில மிடறுகள் குடியுங்கள். வியர்வையோடு உப்பும் போவதால், ஒரு போத்தலில் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புத் தூள்) கரைத்து வைத்திருப்பது நல்லது. பளையில் எல்லாப் போத்தல்களையும் நிரப்பாமல் மேலே போகாதீர்கள்.

இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம்: பளைக்கு முன்னால் வரும் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை நீண்ட காலமாக நடந்துவரும் இடம். இயற்கைக் கடனுக்கோ படம் எடுக்கவோ வீதியோரப் பற்றைகளுக்குள் இறங்காதீர்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை இல்லை என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. மனிதர் நடமாடும் கடை, கோயில், பெற்றோல் நிலையம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளைச் சுமையோடு ஓடிப் பார்க்காமல் புறப்படுவதும் அடிக்கடி நடக்கிறது. எல்லாச் சாமானையும் பின் கரியரில் கட்டினால் முன் சில்லு இலேசாகி, பக்கக் காற்றில் கைப்பிடி அலையும். ஒரு வாரம் முன்பே முழுச் சுமையையும் கட்டி, கீரிமலைக்கோ காரைநகருக்கோ போய் வாருங்கள். புது சீற், புதுச் சப்பாத்து எதையும் அன்றுதான் முதன்முதலாகப் பயன்படுத்த வேண்டாம். உங்களுடையது 700சி என்ற அளவுச் சில்லு என்றால் இரண்டு ரியூப் கையோடு இருக்கட்டும். ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 26, 28 அங்குல ரியூப்பை நம்பிப் போக முடியாது.

தனியே போகிறவர் வீட்டில் "கண்டிக்குப் போறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. கொடிகாமத்தில் ஒரு அழைப்பு, பரந்தனில் ஒரு அழைப்பு, எத்தனை மணிவரை அழைப்பு வராவிட்டால் தேட வேண்டும் என்பதையும் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

கிளிநொச்சியில் இறங்கியதும் படுத்துவிடாதீர்கள். முதலில் குளித்து, வயிறு நிறையச் சாப்பிடுங்கள். பின்னேர வெளிச்சம் இருக்கும்போதே கரியர் ஆணிகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள். முதல் நாள் அதிர்வில் ஒன்றாவது தளர்ந்திருக்கும்.