பத்து வருஷம் என்றால் எத்தனை வருஷம்? தண்டனைக் கணக்குப் பார்க்கும் முறை

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலமே தெருவில் ஒரு கணக்கு ஓடும்: "உள்ள ராவும் பகலும் ரெண்டு நாளாத்தான் எழுதுவாங்க, பத்துன்னா அஞ்சாறுல வந்துருவான்." இப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. பகலும் இரவும் சேர்ந்ததுதான் ஒரு நாள். ஆள் எப்போது வருவார் என்பது நன்னடத்தையைவிட, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் தண்டனை விழுந்தது என்பதைப் பொறுத்தது. அதனால் முதல் வேலை தீர்ப்பு நகலை வாங்குவது. சிறைத் தண்டனை பெற்றவருக்கு அது இலவசம். கடைசிப் பக்கங்களில் பிரிவு எண், எத்தனை ஆண்டு, அபராதம், கட்டத் தவறினால் எத்தனை மாதம், தண்டனைகள் ஏககாலத்திலா ஒன்றன்பின் ஒன்றாகவா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ராமநாதபுரம் கடற்கரையில் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை பெரும்பாலும் இரண்டு சரக்கால் வருகிறது: கடல் அட்டை, கஞ்சா. இரண்டுக்கும் கதவுகள் வேறு வேறு.

கடல் அட்டை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. 51ஆம் பிரிவின்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. 2022 திருத்தத்துக்குப் பின் அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. பிடித்தவர், அவித்தவர், காயவைத்தவர், மூட்டையைப் படகேற்றியவர் என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் இங்கே ஒரு கதவு உண்டு. ஜாமீனில் இருக்கும்போது 3 ஆண்டுக்கு மேற்படாத தண்டனை விழுந்தால், மேல்முறையீடு செய்யப்போகிறோம் என்று சொல்லி, தண்டித்த நீதிமன்றத்திலேயே தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கலாம் (பிஎன்எஸ்எஸ் எனப்படும் இப்போதைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் பிரிவு 430; பழைய சட்டத்தில் 389). தனிக் காரணம் இல்லாமல் மறுக்க முடியாது. மனுவைத் தயாராக வைத்துக்கொண்டுதான் தீர்ப்பு நாளுக்குப் போகவேண்டும். வேன் கிளம்பிய பிறகு வக்கீலைத் தேடினால் வேலை இரட்டிப்பு. மாஜிஸ்திரேட் தீர்ப்பின் மேல் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போக 30 நாள்.

கஞ்சாவில் எல்லாமே எடையில் நிற்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இல் 1 கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு: ஓராண்டு வரை. 1 கிலோ முதல் 20 கிலோ வரை: பத்தாண்டு வரை, குறைந்தபட்சம் கிடையாது, நீதிபதி ஆளைப் பார்த்து இரண்டு ஆண்டும் கொடுக்கலாம். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு: குறைந்தது 10, அதிகபட்சம் 20, அபராதம் குறைந்தது ஒரு லட்சம். சரியாக 20 கிலோ என்றால் வணிக அளவு ஆகாது. இரண்டு கிலோப் பொட்டலம் பத்து என்றால் ஒரு தண்டனை, பதினொன்று என்றால் வேறு.

ஆகவே மகஜரை, அதாவது சரக்கைப் பறிமுதல் செய்தபோது எழுதிய ஆவணத்தை, எழுத்துக் கூட்டிப் படியுங்கள். "20 கிலோ 600 கிராம்" என்று இருந்தால் அது சாக்கோடும் பழுப்பு டேப்போடும் போட்ட எடையா, பிரித்துப் போட்டதா? பூக்கும், காய்க்கும் நுனிதான் சட்டப்படி கஞ்சா. நுனி இல்லாமல் தனியாகக் கிடக்கும் விதையும் இலையும் அதில் சேராது. 52ஏ பிரிவுப்படி மாதிரி எடுத்தது மாஜிஸ்திரேட் முன்னிலையிலா? இந்தக் கேள்விகளை விசாரணையிலேயே கேட்டுப் பதிவாக்க வேண்டும். நடைமுறையில் ஒரு தவறு இருந்தாலே விடுதலை என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். மற்ற சாட்சியத்தோடு சேர்த்துத்தான் கோர்ட் பார்க்கும்.

பல குடும்பங்கள் பணத்தை வீணாக்குவது இந்த இடத்தில்தான். வயதான தாய், கைக்குழந்தை, முதல் குற்றம் என்று தண்டனையைக் குறைக்கச் சொல்லி வாதாடுவார்கள். 12 ஆண்டைப் பத்தாக்க அது உதவும். பத்தை ஒன்பதாக்க, குற்றத்தின் பிரிவு மாறாதவரை, உயர்நீதிமன்றத்தாலும் ஆகாது.

நீதிபதி கையைக் கட்டிப்போடும் இந்த முறை தேவையா என்ற சண்டை இங்கே புதிதல்ல. குறைந்தபட்சம் இல்லாவிட்டால் முதலாளி அபராதத்தை எறிந்துவிட்டு மறுவாரமே படகை இறக்குவான், மன்னார் வளைகுடாவில் அட்டை மிஞ்சாது என்பது ஒரு பக்கம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மகஜரில் பெயர் வருவது படகில் இருந்த கூலிக்காரனுக்கு; பணம் போட்டவன் கரையில் இருக்கிறான். எடையை மட்டும் பார்க்கும் தண்டனை இந்த இருவரையும் பிரித்தறிவதில்லை. 3 ஆண்டுக்கு ஒரு நியாயம் சொல்லலாம். சுமந்தவனுக்குப் பத்து அதிகம்தான்.

இனி முன்விடுதலை. போதைப்பொருள் சட்டத்தின் 32ஏ தண்டனைக் கழிவை அடைத்துவிட்டது. சிறையில் எவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்தாலும் நாள் குறையாது. கடல் அட்டை வழக்கில் இந்தத் தடை இல்லை. 2000ஆம் ஆண்டு தாது வழக்கில் உச்ச நீதிமன்றம் 32ஏ பொதுவாகச் செல்லும் என்றது. ஆனால் மேல்முறையீட்டின்போது தண்டனையை நிறுத்திவைக்கும் நீதிமன்ற அதிகாரத்தைப் பறிக்கும் அளவுக்கு அது செல்லாது, பரோலையும் அது தடுக்காது என்றது. எனவே 60 நாளுக்குள் மதுரைக் கிளையில் மேல்முறையீடு, கூடவே நிறுத்திவைப்பு மனு. ஆள் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும் என்ற 37ஆம் பிரிவின் கடுமையான நிபந்தனை அங்கேயும் குறுக்கே நிற்கும். வக்கீலுக்கு வசதியில்லை என்றால், காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி உரிமை. சிறைக் கண்காணிப்பாளர் மூலமாகவே மேல்முறையீட்டை அனுப்பலாம்.

பரோலுக்குத் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் 1982. சாவு, கடும் நோய், கல்யாணம் போன்றவற்றுக்கு அவசர விடுப்பு. வீடு பழுது, பிள்ளைகள் பள்ளிச் சேர்க்கை, பாகப்பிரிவினை போன்றவற்றுக்குச் சாதாரண விடுப்பு. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். சீசனுக்கு இடம் மாறியிருந்தால் இப்போதைய முகவரியை மனுவில் எழுதுங்கள்; பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்பினால் அறிக்கை பாதகமாகும்.

ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்க. 20 ஆண்டு என்பது தண்டனையில் பாதி, கால் என்று பங்கு போடும் கணக்குக்கு மட்டும். மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் விழுந்தால் 14 ஆண்டு உள்ளே கழிக்க வேண்டும் (பிஎன்எஸ்எஸ் 475). எம்ஜிஆர் நூற்றாண்டை ஒட்டி 2018இல் பத்தாண்டிலேயே சிலர் வந்தது, அரசியலமைப்பில் ஆளுநருக்குரிய 161ஆம் பிரிவு வழியாக. கொள்கைப்படி தகுதி வந்தவரை, மனு இல்லாமலே அரசு பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. ஆனாலும் மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்ட குற்றத்தில் வேறு மாநிலக் கோர்ட் தண்டித்திருந்தால் மனு போகவேண்டியது அந்த மாநில அரசுக்கு.

ஒரு கணக்கு: கஞ்சா வழக்கில் 10.3.2021இல் கைது, ஜாமீன் இல்லை, 10.3.2024இல் தீர்ப்பு, பத்தாண்டு. விசாரணைக் காவல் மூன்றாண்டும் கழியும் (பழைய சட்டத்தில் 428; இப்போது பிஎன்எஸ்எஸ் 468), ஆள் 2031 மார்ச்சில் வரவேண்டும். அபராதம் ஒரு லட்சம் கட்டாமல், தவறினால் ஓராண்டு என்றிருந்தால் 2032. இந்த ஓராண்டில் காவல் நாள் கழியாது. பாதிப் பணம் கட்டினால் பாதி குறையும். கட்டிய ரசீதின் நகலைச் சிறையில் கொடுத்து, பதிவேட்டில் ஏறியதா என்று அடுத்த முறை ஆளைப் பார்க்கப் போகும் மனு நாளில் கேட்டுவிடுங்கள்.