மாற்றுத்திறன் கொண்ட குழந்தைக்கு உள்ளூரில் உதவி தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை, இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று தெரிந்த பிறகும் தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் காத்திருக்கின்றன. "இவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அன்பினால்தான். ஆனால் பயிற்சி மிக அதிகமாகப் பலன் தரும் மாதங்கள் அந்த ஆறுதலிலேயே கழிந்துவிடுகின்றன. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேட்க உதவும் காக்ளியர் கருவியை உள்காதில் பொருத்த 6 வயது வரம்பு இருப்பதால், அங்கே தாமதம் வாய்ப்பையே பறித்துவிடும்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் அடையாள அட்டையும் கைக்கு வந்த பிறகுதான் எதையும் கேட்க முடியும் என்று நம்புவது இன்னொரு பெருந்தவறு. 40 சதவீதக் குறைபாடு என்ற அளவுகோல் உதவித்தொகை போன்ற சலுகைகளுக்கு உரியது. சிகிச்சையைத் தொடங்க அது தேவையில்லை. 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்கள் செயல்படுகின்றன. குழந்தை நல மருத்துவர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, உளவியல் ஆலோசனை ஆகியவற்றை 18 வயது வரையுள்ளவர்களுக்கு ஒரே இடத்தில் தருவதே இவற்றின் நோக்கம். அங்கன்வாடிப் பணியாளரோ கிராம சுகாதார செவிலியரோ அனுப்பிவைப்பதற்காகக் காத்திராமல், பெற்றோர் நேரடியாகவே செல்லலாம். சான்றிதழுக்கான வேலை அதனுடன் சேர்ந்தே நடக்கட்டும்.

ஓர் அலுவலகத்தில் "இங்கே அது இல்லை" என்று சொன்னவுடன் திரும்பிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. சிகிச்சை சுகாதாரத் துறையிடமும், கல்வி சார்ந்த உதவி பள்ளிக்கல்வித் துறையிடமும், அடையாள அட்டை, உதவித்தொகை, உபகரணங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திடமும் பிரிந்து கிடக்கின்றன. ஒரு துறையில் இருப்பவருக்கு அடுத்த துறையின் சேவை தெரியாமல் இருக்கலாம். ஆகவே மூன்று கதவையும் தட்டியே தீரவேண்டும்.

இவற்றுள் மிகவும் அறியப்படாதது, பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு வட்டாரத்திலும் நடத்தும் வட்டார வள மையம் என்பது என் எண்ணம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மட்டுமே அது உரியது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள், நடமாட இயலாத குழந்தைகளின் வீட்டுக்கே சென்று பயிற்சி தருகிறார்கள். ஆண்டுதோறும் வட்டார அளவில் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாமில் எலும்பு, காது, கண், மனநலம் சார்ந்த மருத்துவர்களை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்பதால், அந்த முகாம் எப்போது என்று மையத்தில் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது.

பெரிய ஊரில்தான் நல்ல சிகிச்சை என்று எண்ணி வாரந்தோறும் பேருந்தில் அலைவது குழந்தையையும் தாயையும் சேர்த்தே சோர்வடையச் செய்யும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்துக்கு மதிப்பீட்டுக்காகச் சென்று வரலாம். அன்றாடப் பயிற்சி வீட்டுக்கு அருகில் நடக்கட்டும். எந்த மையத்துக்குப் போனாலும், குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டாம். சோறு ஊட்டும்போது குழந்தையை எந்தக் கோணத்தில் உட்காரவைப்பது, கரண்டியைப் பிடிக்கும் கைக்கு எங்கே தாங்கல் கொடுப்பது, தண்ணீர் வேண்டும் என்பதைக் காட்ட அதற்கு எவ்வளவு நேரம் விடுவது என்பதையெல்லாம் பயிற்றுநர் செய்துகாட்டச் சொல்லி, அவர் முன்னாலேயே ஒருமுறை செய்து பாருங்கள். மையத்தில் கிடைப்பது வாரத்தில் சில மணி நேரம்; மீதிப் பயிற்சி வீட்டில்தான் நடக்கிறது.

தனியார் மையமானால், பேச்சுப் பயிற்சியோ சிறப்புக் கல்வியோ தருபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பதிவு எண்ணையே கேட்கத் தயங்க வேண்டாம். "ஆறு மாதத்தில் ஆட்டிசம் குணமாகிவிடும்" என்று உறுதி கூறுபவரிடம் பணம் கட்டவே கூடாது.

ஆவணங்களில் இரண்டு விஷயம். குழந்தைகளுக்குத் தரப்படும் சான்றிதழ் பெரும்பாலும் தற்காலிகமானது. மறுமதிப்பீட்டுத் தேதியைத் தவறவிட்டால், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை பெறும் குடும்பத்துக்கு அது நின்றுபோகலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. பயிற்சிச் செலவின் ஒரு பகுதியும் அதில் அடங்கும் என்பதால், ரசீதுகளை முதல் நாளிலிருந்தே எடுத்துவைக்க வேண்டும்.