நீடிலை விடுங்கள், படகைப் பாருங்கள்

ரேடியோவில் ஓடும் சின்னப் பந்தயப் படகு வேகம் எடுக்கவில்லை என்றால் கை முதலில் போகும் இடம், எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகான கார்புரேட்டரின் நீடில். சின்ன ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்று மூடுவது, ஓட்டிப் பார்ப்பது, மறுபடியும் கால் சுற்று மூடுவது. புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் நண்பரின் நிலத்துக் குட்டையில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், இந்தக் காட்சியை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஸ்க்ரூடிரைவர் பிடித்த கை பெரும்பாலும் என்னுடையது. 3.5 சி.சி. என்ஜின்கள் இரண்டை அப்படித்தான் பாழாக்கினேன். பிரித்துப் பார்த்த பிறகுதான், இரண்டிலுமே குற்றம் நீடிலில் இல்லை என்று தெரிந்தது.

ரேடியோவில் ஓடும் நைட்ரோ பந்தயப் படகைப் புதிதாகக் கட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் எரிபொருளைப் புரிந்துகொள்வது நல்லது. நைட்ரோ என்று பெயர் சொன்னாலும் கேனில் பெரும்பங்கு மெத்தனால்தான். அதோடு நைட்ரோமீத்தேனும், ஆமணக்கு எண்ணெய் அல்லது செயற்கை எண்ணெயும் கலந்திருக்கும். தீப்பொறி தரும் பிளக் இங்கே கிடையாது. குளோ பிளக்கில் உள்ள பிளாட்டினச் சுருள், மெத்தனால் ஆவி பட்டுத் தானாகவே கனன்றுகொண்டிருக்கும். ஒரு கிராம் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. மெத்தனாலுக்கு 6.4 கிராம் போதும், நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7. ஆகவே 10 சதவீத நைட்ரோவிலிருந்து 30 சதவீதத்துக்கு மாறினால், உள்ளே வரும் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். நீடிலைத் திறக்க வேண்டும். பழைய அளவிலேயே விட்டுவிட்டு "நல்ல எரிபொருள் ஊற்றினேன், என்ஜின் போய்விட்டது" என்று புலம்புகிறவர்கள் உண்டு. நைட்ரோ கூடும்போது என்ஜின் தலைக்கு அடியில் ஷிம் என்னும் மெல்லிய தகடு ஒன்று சேர்த்து அழுத்தத்தையும் சற்றுக் குறைக்க வேண்டும். பிளக்கின் அடியில் அலுமினியத் துணுக்குகள் ஒட்டியிருந்தாலோ, தலையின் உட்புறம் மணல் அடித்ததுபோல் பொரிந்திருந்தாலோ அழுத்தம் அதிகம் என்று பொருள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்த என்ஜினுக்கு எண்ணெய் எரிபொருளோடுதான் போகிறது. நீடிலை மூடும்போது எரிபொருளோடு எண்ணெயும் குறைகிறது, மெத்தனால் தரும் குளிர்ச்சியும் குறைகிறது. நிமிடத்துக்கு 20,000 சுற்றுகளைத் தாண்டும் எந்திரத்துக்கு இவை மூன்றும் ஒன்றாகக் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் மேசை இழுப்பறையில் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன.

இனி படகின் உடல். கடலூர் முதுநகர்ப் பக்கம் ஃபைபர் படகு கட்டுபவர்கள் இருப்பது நமக்கு வாய்த்த வசதி. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் இருந்த கரைகளில் ஃபைபர் படகுகள் பெருகின. ரெசினும் கண்ணாடி இழை மேட்டும் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் கடலுக்குப் போகும் படகின் வழக்கத்தை அப்படியே மூன்றடிப் படகுக்குக் கொண்டுவருவதுதான் முதல் பெரிய தவறு. துண்டு துண்டான இழைகளால் ஆன மேட், தன் எடையைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் ரெசினைக் குடிக்கும். நெய்த கண்ணாடி இழைத் துணிக்கு ஏறக்குறைய அதன் எடையளவு ரெசின் போதும். என் முதல் படகை மேட்டில் கட்டினேன். அதைத் தூக்கிப் பார்த்த பட்டறைப் பெரியவர், "தம்பி, இதற்கு என்ஜின் எதற்கு? நங்கூரமாகப் போட்டுவிடு" என்றார். அடுத்ததைத் துணியில் கட்டினேன். ரெசின் தடவியதும் பழைய பிளாஸ்டிக் அட்டையால் அழுத்தி வழித்து, மிகையானதை வெளியே தள்ளச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். துணியின் நெசவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேலே கண்ணாடிபோல் மின்னினால் வீண் எடை சேர்ந்திருக்கிறது.

பட்டறையில் கற்ற ஒரு பழக்கத்தை மட்டும் கைவிட்டாக வேண்டும். பாலியெஸ்டர் ரெசினில் சீக்கிரம் இறுக வேண்டுமானால் ஹார்ட்னரைச் சற்றுக் கூட்டலாம், வெயில் நாளில் குறைக்கலாம். எபாக்ஸியில் அந்த விளையாட்டு செல்லாது. அதன் இரண்டு பாகங்களும் சொன்ன விகிதத்திலேயே சேர வேண்டும். கூட்டினால் வேகமாக இறுகாது. கடைசிவரை பிசுபிசுவென்று கிடக்கும். நம் கடற்கரை ஈரக்காற்றில் எபாக்ஸி இறுகும்போது மேலே மெழுகுபோல் ஒரு படலம் படியக்கூடும். அதைத் தண்ணீரும் நாரும் கொண்டு கழுவி, காய்ந்த பின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகே அடுத்த பூச்சு. நேரே உப்புத்தாள் போட்டால் படலம் பரவுமே தவிரப் போகாது. பாலியெஸ்டரில் வேலை செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கோபால்ட் முடுக்கியையும் ஹார்ட்னரையும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலந்த பிறகுதான் மற்றதை ஊற்ற வேண்டும்.

எடையைக் குறைக்கும் ஆசையில் நான் செய்த அடுத்த காரியத்தைக் கேளுங்கள். என்ஜின் அமரும் இரண்டு தண்டவாளங்களிலும் துளைகள் போட்டேன். குறுக்குப் பலகையை இழைத்து மெல்லியதாக்கினேன். மொத்தம் ஒரு கைப்பிடி மரத்தூள் மிச்சம். தண்ணீரில் விட்டதும் படகு முழுவதும் தம்புராவாக அதிர்ந்தது. அதிர்வில் டேங்கில் இருந்த எரிபொருள் நுரைத்தது. நுரையை உறிஞ்சிய என்ஜின் நேர்க்கோட்டில் திணறியது. நான் நீடிலை எட்டிப் பிடித்தேன். சரியாக எந்தப் பக்கம் திருப்பினாலும் நுரைக்கு மருந்தில்லை என்பது அப்போது தெரியாது. மூன்றாவது ஓட்டத்தில் பிஸ்டன் இறுகி நின்றது. முதல் சாட்சி அதுதான்.

என்ஜின் தண்டவாளம், பின்பலகை, புரொப்பெல்லர் தண்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டைப் பொருத்தும் இடம் ஆகிய மூன்றிலும் கஞ்சத்தனம் கூடாது. மேல்மூடி, பக்கச் சுவர், தேவைக்கு மேல் நீண்ட போல்ட்டுகள், தடித்த பெயிண்ட் இவற்றில் மிச்சம் பிடியுங்கள். பெயிண்ட் என்றதும் நினைவுக்கு வருகிறது: சாதாரண ஸ்ப்ரே பெயிண்டை நைட்ரோமீத்தேன் ஒரே வாரத்தில் உரித்துவிடும். இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் பெயிண்ட் தாங்கும்.

டேங்க் வெறும் பிளாஸ்டிக் டப்பாதானே என்று நினைக்கிறவர்களிடம்தான் பாதித் தொல்லை வருகிறது. டேங்கின் நடுமட்டம் கார்புரேட்டரின் ஜெட் மட்டத்தில் இருக்க வேண்டும். அதைச் சுற்றிலும் மென்மையான பஞ்சு நுரை. உடலோடு நேரடித் தொடுகை கூடாது. சைலன்சர் குழாயிலிருந்து டேங்குக்கு அழுத்தம் கொண்டுவரும் ரப்பர்க் குழாயில் ஊசிமுனைத் துளை விழுந்தாலும் என்ஜின் எரிபொருள் போதாமல் பசியில் ஓடும். குழாய் சிலிக்கோனாக இருக்கட்டும். பெட்ரோல் என்ஜின் வைத்திருக்கும் நண்பரிடம் அதே சிலிக்கோன் குழாயைக் கொடுத்துவிடாதீர்கள், பெட்ரோலில் அது ஊதிக் கெட்டுவிடும்.

இரண்டாவது சாட்சியின் கதை புரொப்பெல்லரோடு தொடங்குகிறது. பெரிய புரொப்பெல்லர் என்றால் பெரிய வேகம் என்று நம்பினேன். இந்த என்ஜின்களின் சைலன்சர் குழாய் சாதாரணப் புகைக்குழாய் அன்று. வெளியேறும் அலையைத் திருப்பி அனுப்பி, வீணாகப் போக இருந்த கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும் கருவி அது. அந்த வேலை ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் நடக்கும். குழாயைக் குறுக்கினால் அந்த வேகம் மேலே ஏறும், நீட்டினால் இறங்கும். என் குழாய் குட்டையாக இருந்தது, புரொப்பெல்லரோ பாரம். என்ஜினால் அந்தச் சுழற்சியை எட்டவே முடியவில்லை. பாதி வேகத்தில் முனகிக்கொண்டே போனது. நீடிலை மூடினால் சற்று உற்சாகம் வந்ததுபோல் இருந்தது; இன்னும் மூடினேன். உண்மையில் செய்திருக்க வேண்டியது விட்டம் குறைந்த புரொப்பெல்லரைப் போடுவது அல்லது குழாயை நீட்டுவது. நீட்டுவதும் குறுக்குவதும் ஒரு தடவைக்கு 3 மி.மீ. அளவில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். குழாயையும் ஸ்ட்ரட்டையும் புரொப்பெல்லரையும் ஒரே காலையில் மாற்றிவிட்டு எது பலித்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

புரொப்பெல்லர் வாங்கியவுடன் மாட்டுவதும் தவறு. வார்ப்பாக வரும் அலகுகளின் விளிம்பைக் கூராக்கி, இரு பக்கமும் எடை சமமா என்று பார்க்க வேண்டும். பெரிலியம் செம்புப் புரொப்பெல்லர் என்றால் ஈரத்தில் மட்டுமே தேய்க்க வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

என்ஜினையும் புரொப்பெல்லரையும் இணைக்கும், முறுக்குக் கம்பிகளால் ஆன ஃபிளெக்ஸ் ஷாஃப்ட்டில் ஒரு நுட்பம் உண்டு. பாரம் ஏறும்போது கம்பி முறுகிச் சற்றுக் குறுகும். ஆகவே புரொப்பெல்லரைப் பிடித்துச் சுழற்றும் கட்டைக்கும் ஸ்ட்ரட்டுக்கும் இடையே சுமார் 3 மி.மீ. இடைவெளி விட வேண்டும். ஒட்டி வைத்தால் முழு வேகத்தில் கட்டை ஸ்ட்ரட்டில் உராயும், என்ஜின் அடங்கும், நீங்கள் மறுபடியும் நீடிலைத் தேடுவீர்கள். சென்ற மார்கழியில் அப்படி அடங்கிய ஒரு படகை நான்கு பேர் சூழ்ந்து ஆராய்ந்தோம். ஸ்ட்ரட்டில் ஆகாயத்தாமரை வேர் ஒரு கூந்தல் அளவுக்குச் சுற்றியிருந்தது.

சமநிலைப் புள்ளி: அடிப்பகுதி V வடிவில் உள்ள படகுகளுக்குப் பின்பலகையிலிருந்து மொத்த நீளத்தில் 30 சதவீத அளவில் தொடங்குங்கள். பக்க மிதவைகள் கொண்ட அவுட்ரிகர் வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அணியம், அதாவது படகின் முன்முனை, குதித்துக் குதித்துப் போனால் எடை பின்னே தங்கியிருக்கிறது. பாட்டரியை முன்னே நகர்த்தினாலே பல நேரம் தீரும், ஈயக்கட்டி வேண்டாம்.

இத்தனையும் சரிபார்த்த பின் நீடிலுக்கு வரலாம். கரையில் ஸ்டாண்டில் வைத்து முழு வேகத்தில் முறுக்காதீர்கள். தண்ணீரின் பாரம் இல்லாமல் என்ஜின் கட்டுக்கடங்காமல் சுற்றும், அங்கே பிடித்த அளவு தண்ணீரில் உதவவும் உதவாது. எரிபொருள் சற்று மிகுதியாக, புகை தெரிய ஓட்டத் தொடங்கி, சிறிது சிறிதாக மூடுங்கள். முழு வேகத்தில் இரண்டு சுற்று ஓட்டி, என்ஜினை நிறுத்திக் கரைக்குக் கொண்டுவந்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சுருள் பளபளவென்று ஈரமாக இருந்தால் எரிபொருள் மிகுதி. மங்கிச் சாம்பல் நிறமாகவோ வளைந்தோ இருந்தால் போதவில்லை, உடனே திறக்க வேண்டும். மார்கழிக் காலையின் குளிர்ந்த வாடையில் காற்று அடர்த்தி. கத்திரி வெயிலின் ஈரப்புழுக்கத்தில் காற்று இலேசு. மே மாதம் பிடித்த அளவோடு டிசம்பரில் ஓட்டினால் எரிபொருள் போதாமல் போகும்.

புது என்ஜினைப் பழக்கும்போது எரிபொருளை அளவுக்கு மீறி ஊற்றிக் குளிரக் குளிர ஓட்டுவதும் நன்மை போலத் தோன்றும் தீமை. பித்தளைச் சிலிண்டரில் அலுமினியப் பிஸ்டன் ஓடும் இவ்வகை என்ஜின்களில் மேல்பகுதி குளிரில் இறுக்கமாகவே செய்யப்பட்டிருக்கும். சூடேறி விரிந்தால்தான் சரியான இடைவெளி. முதலில் தலையைச் சூடுகாற்றில் வெதுவெதுப்பாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

ரேடியோ ஒருவேளை சிக்னலை இழந்தால் த்ராட்டில் மூடிக்கொள்ளும்படி ஃபெயில்சேஃப் அமைக்க மறப்பவர்கள் கரையில் நிற்கும் குழந்தைகளை நினைத்துக்கொள்ள வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைத் தண்ணீர் விழுங்கிவிடும். ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேலே நிற்கட்டும். உடலின் உள்ளே மிதவை நுரை அடைக்காத படகு கவிழ்ந்தால் மூழ்கும். நீச்சல் பழகும் நுரைக்குழாய்களை வெட்டி அடைக்கலாம். தெர்மாகோல் வேண்டாம், பாலியெஸ்டர் ரெசின் பட்டால் கரைந்துபோகும்.

மெத்தனாலைப் பற்றி இந்த மாவட்டங்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023 மே மாதம் மரக்காணத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைப் பறித்தது அதே திரவம்தான். வாங்கவும் வைத்திருக்கவும் கொண்டு செல்லவும் சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு. நம் குட்டையோ மாநில எல்லைக்கு அப்பால். வீட்டில் நீங்களே கலக்க முயலாதீர்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. தோல் வழியாகவும் உடலில் ஏறும், கையுறை அவசியம். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது என்பதால், கார்புரேட்டர் பக்கம் காற்று நெளிவதுபோல் தெரிந்தாலே ஈரத்துணியைப் போடுங்கள்.

ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். அங்கே இந்த அலறலைக் கொண்டுபோகாதீர்கள். உப்பனாற்றுக் கழிமுகத்தில் ஓட்டினால் உப்புநீர் குளிர்விக்கும் குழாய்க்குள்ளும் போகும், நல்ல தண்ணீரால் அலசியாக வேண்டும். படகு கவிழ்ந்து என்ஜின் தண்ணீர் குடித்துவிட்டால் ஸ்டார்ட்டரை வைக்காதீர்கள். தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றி, படகைத் தலைகீழாகப் பிடித்து, ஃபிளைவீலைக் கையால் சுற்றி வெளியேற்றுங்கள். நாளின் கடைசி ஓட்டத்துக்குப் பின் டேங்கை வடித்து, மிச்ச எரிபொருள் தீரும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டரில் சில சொட்டு எண்ணெய் விட்டு நான்கு சுற்று சுற்றுங்கள். நைட்ரோ எரிந்த அமிலமும் ஈரமும் தங்கினால் பேரிங் துருப்பிடித்துவிடும். ஷாஃப்ட்டை உருவித் துடைத்து, கிரீஸ் தடவி வையுங்கள். நீடில் எத்தனை சுற்று திறந்திருந்தது என்பதை அன்றைய தேதியோடு படகின் மூடியின் உட்புறம் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், எரிபொருள் பட்டால் மை அழிந்துபோகும், ஆணியால் கீறுங்கள்.