பழைய வீடு வாங்கும் முன் பரணில் ஏறிப் பாருங்கள்

கடலூரில் பழைய வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முன்பணம் கொடுத்த பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பணத்தைக் கொடுக்கும் முன் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், முக்கியமான குறைகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். நான் சிவில் டிப்ளமோ முடித்து இருபது வருடமாகக் கட்டட வேலை பார்க்கிறேன். அப்பா கொத்தனார். சுவரைத் தட்டிப் பார்க்க அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரு டார்ச், சின்னச் சுத்தியல், ஸ்க்ரூடிரைவர், பென்சில், பழைய துணி, போன் சார்ஜர் இவை போதும். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து விட்ட இரண்டாம் நாள் போங்கள். சித்திரை வெயிலில் ஓதமெல்லாம் காய்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

போன வருடம் சித்தி மகள் ஒரு வீட்டைப் பார்க்க என்னைக் கூட்டிப்போனாள். தேவனாம்பட்டினம் போகிற வழியில், கடல் காற்று நேராக வந்து அடிக்கிற இடம். "அக்கா, புது பெயின்ட், எவ்ளோ பளிச்சுன்னு இருக்கு பாரு" என்றாள். நான் ஸ்டூலைப் போட்டுப் படுக்கையறைப் பரணில் ஏறினேன். விற்பதற்காகப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கிறவர்கள் பரணுக்கு மேலேயும் அலமாரிக்கு உள்ளேயும் பெரும்பாலும் அடிப்பதில்லை. டார்ச்சை நேராக அடிக்காமல் சீலிங்கை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். கம்பி போகிற வழியிலேயே நேராக ஒரு விரிசல், அதன் ஓரத்தில் பழுப்புக் கறை. உரிமையாளரிடம் கேட்டுவிட்டு லேசாகத் தட்டினேன். நல்ல கான்கிரீட் 'ணங்' என்று கேட்கும், இது 'பொத்' என்றது. இன்னொரு தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு கழன்று கையில் வந்தது. அதன் முதுகில் கம்பியின் வரிகள் அச்சாகப் பதிந்திருந்தன, துரு ஏடு ஏடாக ஒட்டியிருந்தது. சில்லின் கனம் என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.

நம் ஊர் வீடுகளில் முதலில் தேட வேண்டிய குறை இதுதான். கம்பி துருப்பிடித்தால் அந்தத் துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். அது உள்ளிருந்து நெருக்கி, கீழே இருக்கிற கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். கம்பிக்குப் பாதுகாப்பு அதை மூடியிருக்கிற கான்கிரீட்தான், அதைக் கவர் என்போம். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர நெறிமுறையான ஐஎஸ் 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கடலோரச் சூழலில் நிற்கிற கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் கவர் கேட்கிறது. பழைய வீடுகள் பலவற்றில் கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்துகிற சின்னக் கட்டையான கவர் பிளாக்கே வைக்காமல், பலகை மேல் கம்பியைப் படுக்கவைத்துக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் கலவை குழைத்திருந்தால் துரு இன்னும் சீக்கிரம் வரும். அதனால் சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனி, மாடிப்படியின் அடிப்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே என்று எல்லா இடத்திலும் தட்டுங்கள். ஓரிரு இடம் என்றால் உடைத்து, கம்பியைத் தேய்த்து, மறுபடி மூடிவிடலாம். அறைக்கு அறை 'பொத்' சத்தம் கேட்டால், ஒரு பொறியாளர் வந்து பார்க்கும் வரை விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அடுத்தது சுவரின் அடிப்பகுதி. தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளித்து, தொட்டால் வெள்ளை மாவு மாதிரி உதிர்ந்தால், மண்ணிலிருந்து ஓதம் ஏறுகிறது என்று பொருள். உப்பனாற்றுப் பக்கம் முதுநகரில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். பூச்சைக் கொத்திவிட்டு மறுபடி பூசினால் மட்டும் நிற்காது, அடுத்த மழைக்கே திரும்ப வரும். அந்த இரண்டு மூன்றடிக்கு மட்டும் டைல்ஸோ பலகையோ ஒட்டியிருந்தால், எதற்காக ஒட்டினார்கள் என்று கேளுங்கள்.

வெள்ளம் வந்த வீடா என்பதை விற்கிறவரிடம் மட்டும் கேட்டால் போதாது. எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்: 2015 மழையில் தண்ணீர் எதுவரை வந்தது? 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை பெருகியபோது? அவர் "முட்டி வரைக்கும்" என்றால், அந்த உயரத்தைச் சுவரில் வைத்துப் பாருங்கள். வாசற்படிகளையும் எண்ணுங்கள். மூன்று படி கட்டிய வீட்டில் இன்று ஒரு படிதான் வெளியே தெரிகிறது என்றால், மற்ற இரண்டையும் ரோடு விழுங்கிவிட்டது. இனிமேல் ரோட்டுத் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். கீழே இருந்த பிளக் பாயின்ட்டுகளை மேலே மாற்றிய தடம் சுவரில் இருந்தாலும், தண்ணீர் வந்ததால் மாற்றினார்களா என்று விசாரியுங்கள். மழைக்காலத்தில் கக்கூஸில் தண்ணீர் இறங்குகிறதா என்பதையும் எதிர்வீட்டு அம்மாவிடமே கேட்டுவிடுங்கள். நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் தாழ்வான தெருக்களில் செப்டிக் டேங்க் வேலை செய்யாது.

விரிசலைக் கண்டதும் பயப்பட வேண்டாம். பூச்சில் வலை மாதிரி ஓடுகிற மயிரிழைக் கோடுகளும், தளமும் சுவரும் சேருகிற இடத்தில் வெயிலால் வருகிற கிடைக்கோடும் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, போகப் போக அகலமாகிற விரிசல் வேறு. அது உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிந்தால் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டு, ஒரு மாதம் கழித்து வந்து பாருங்கள்.

மொட்டை மாடியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அது குழாயைப் பார்த்து ஓட வேண்டும், தேங்கினால் தட்டோட்டுக்கு அடியில் இறங்கும். மாடிக் குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டையைத் துணியால் அடைத்து, ஒரு அங்குலம் நிரப்பிவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கீழ் அறையின் சீலிங்கைத் தொட்டுப் பார்க்கலாம். கரையானுக்கு, கதவு நிலையின் அடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தின்ற மரத்தில் பெயின்ட் மட்டும் தோல் மாதிரி நிற்கும்.

கரன்ட்டில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். மெயின் போர்டில், கரன்ட் கசிந்தால் தானே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழுகிறதா என்று பாருங்கள். இல்லாத வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. ஓதம் ஏறிய சுவருள்ள வீட்டில் அது இல்லாமல் குழந்தைகளை வைத்துக்கொண்டு குடியிருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சார்ஜரை ஒவ்வொரு பிளக்கிலும் செருகினால் எது வேலை செய்யவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அறைவாரியாக எழுதுங்கள். சித்தி மகள் அந்தச் சில்லை ஒரு பாலித்தீன் பையில் போட்டு வைத்துக்கொண்டாள். கூடத்துச் சீலிங்கில் நான்கு இடத்தில் பட்டியைச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேட்டோம், உரிமையாளர் சம்மதிக்கவில்லை. அவள் முன்பணப் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மூன்று மாதம் கழித்து செம்மண்டலத்தில் ஒரு வீடு வாங்கினாள். அங்கே பரணில் அவளே ஏறினாள், நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.