த்ராட்டில் பாடியைக் கழற்றுவதற்கு முன்

ரங்கூனில் தெருவில் தேங்கிய மழைத்தண்ணீர் வடிந்த மறுநாள், ஏதாவது ஒரு டாக்சி ஊர்ந்துகொண்டே எங்கள் வொர்க்‌ஷாப்புக்கு வரும். செக் எஞ்சின் லைட் எரியும். எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்காது. அப்படி வந்த ஒருவர் ஏற்கெனவே வேறொரு இடத்தில் ஜப்பான் பழைய த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு பிளேட்டைத் திறந்து மூடிக் கட்டுப்படுத்தும் பாகம்) ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார். "அண்ணே, பாடியை மாத்தியும் அதே லைட்டு" என்றார். ஸ்கேனரில் பி2135 (P2135) என்ற கோளாறுக் கோடு (code).

அந்தக் கோடு த்ராட்டில் பாடி கெட்டுவிட்டது என்று சொல்லவே இல்லை. பிளேட் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை இரண்டு சென்சார்கள் தனித்தனியாக இசியுவுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சொல்லும். இரண்டு பேச்சும் ஒத்துப்போகவில்லை. பி2135 சொல்வது அவ்வளவுதான். பொய் சொல்வது சென்சாராகவும் இருக்கலாம், வயராகவும் இருக்கலாம். பெடலிலும் இப்படி இரண்டு சென்சார் உண்டு. அங்கே சண்டை வந்தால் பி2138. இந்த இரண்டு எண்ணையும் குழப்பிக்கொண்டு, பெடலில் கோளாறு இருக்கும்போது த்ராட்டிலை மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

கனெக்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். வயர் பக்கத்தில் ஆறு துளை. ஒன்றில் மட்டும் பச்சைக் களிம்பு. இரண்டாவது சென்சாரின் சிக்னல் வயர் அது. எத்தனை பாடி மாற்றினாலும் அந்தத் துளை மாறப்போவதில்லையே! அந்தத் துளையில் இருந்த டெர்மினலை (வயரின் உலோக முனை) மாற்றிவிட்டு, டிக்கியில் கிடந்த அவருடைய சொந்த பாடியையே திரும்ப மாட்டினேன். லைட் வரவில்லை.

கோடு வந்ததும் முதலில் அழித்துவிடாதீர்கள். கோளாறு வந்த நேரத்தில் வண்டி எந்த நிலையில் இருந்தது என்ற பதிவும் அதோடு போய்விடும். எழுதி வைத்துக்கொண்டு, சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓடவிடாமல், ஸ்கேனரில் லைவ் டேட்டாவை (சென்சார்கள் அந்த நொடியில் காட்டும் எண்களை) பார்த்தபடி பெடலை மெதுவாக மிதியுங்கள். கூடவே வயரையும் அசைத்துப் பாருங்கள். எண் எங்கே துள்ளுகிறதோ அங்கேதான் வேலை.

இரண்டு சென்சாரும் ஒரே வோல்ட் காட்ட வேண்டும் என்று நினைப்பது இன்னொரு தவறு. பல டொயோட்டா வண்டிகளில் பெடலைத் தொடாதபோது த்ராட்டிலின் ஒரு சென்சார் 0.5 முதல் 1.1 வோல்ட் வரையும், மற்றது 2.1 முதல் 3.1 வரையும் காட்டும். சில கம்பெனி வண்டிகளில் ஒன்று ஏற ஏற மற்றது இறங்கும். அதனால் அந்த மாடலுக்கு உரிய அளவு தெரியாமல் குற்றம் சொல்லக்கூடாது. நம் ஊர் வண்டிகளில் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பான் சந்தைக்குச் செய்தவற்றில் 17 எழுத்து வண்டி அடையாள எண் (VIN) இருக்காது, ஃபிரேம் நம்பர்தான். ஸ்கேனர் தானாக மாடலைக் கண்டுபிடிக்கும் என்று காத்திருக்காமல் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பேட்டரியும் எர்த்தும் சரியா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். சரி, அதையும் பார்த்தாயிற்று, பிளேட்டில் கரி படிந்திருக்கிறது என்றால்? பெடலும் பிளேட்டும் கேபிளால் இணைந்திருந்த பழைய வண்டிகளின் பழக்கத்தில் சாவி ஆனில் இருக்க விரலால் தள்ளாதீர்கள். பிளேட்டை நகர்த்தும் மோட்டார் அதைச் சட்டென்று மூடினால் விரல் மாட்டும். கிளீனரை உள்ளே பீய்ச்சாமல் துணியில் நனைத்துத் துடையுங்கள். துடைத்தபின் ஐடில் (பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி நின்றால் பாடி போய்விட்டதென்று அர்த்தமில்லை. கரி இருந்தபோது கற்ற பழைய கணக்கையே இசியு இன்னும் வைத்திருக்கும். அந்த மாடலுக்குரிய ஐடில் ரீலேர்ன் (இசியுவுக்கு ஐடில் கணக்கைப் புதிதாகக் கற்பிப்பது) செய்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள்.