நாடி மெதுவாக, கை கால் வலுவிழந்து: மலையகத்தில் நாம் செய்யும் தவறுகள்

நுவரெலியாக் குளிரில் விறைத்த விரலில் ஒக்சிமீட்டரை மாட்டி, அது காட்டும் 48 என்ற நாடித்துடிப்பை நம்பிக் கலங்குவதுதான் முதல் தவறு. குளிர்ந்த விரலில் இரத்த ஓட்டம் குறைவு, கருவி தடுமாறும். கையைச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். 60க்குக் கீழே இருந்தால் மெதுவான துடிப்பு என்பார்கள். ஆனால் தூங்கும்போதும், நாளெல்லாம் மலை ஏறி இறங்கிப் பழகிய உடம்பிலும் 50 என்பது பெரும்பாலும் பயப்பட வேண்டியதல்ல.

பலவீனத்தைத்தான் நாம் சரியாகச் சொல்வதில்லை. வெறும் களைப்பு ஓய்வெடுத்தால் தணியும். குந்தியிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை, மடுவத்தில் கொழுந்து மூட்டையைத் தராசுக்குத் தூக்க முடியவில்லை, தலைவாரக் கை உயரவில்லை என்றால் அது தசையின் பலவீனம். இதை இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். நாடிக்கு ஒரு டாக்டர், கை காலுக்கு இன்னொருவர் என்று பிரித்துச் சொன்னால் இருவருக்கும் பாதிக் கதைதான் கிடைக்கும்.

இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி. அதன் சுரப்பு குறைந்தால் நாடி மந்தமாகும், தொடையும் தோளும் சோரும். மலச்சிக்கல், குரல் கரகரப்பு, தாங்க முடியாத குளிர் எல்லாம் கூடவே வரலாம். மலையகத்தில் யாருக்குத்தான் குளிரவில்லை? அதனால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. "இரத்தம் இல்லை" என்று தாமே முடிவுகட்டி மாதக்கணக்கில் டொனிக் குடிக்கிறார்கள். அயடின் உப்புதானே சாப்பிடுகிறோம் என்பதும் பதிலாகாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கினால் உப்பால் தடுக்க முடியாது. டீஎஸ்எச் என்ற இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அந்தச் சுரப்புக்கு ஈடான தைரோக்சின் மாத்திரையை எழுதிக் கொடுத்தால் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காலைத் தேநீரை அரை மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும். தோட்டத்தில் இது சிறிய தியாகமல்ல!

அடுத்தது கிளினிக் மாத்திரைகள். பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் அட்டெனோலோல், பிசோப்ரோலோல் போன்றவை நாடியைக் குறைக்கும். கொழுப்புக்குத் தரும் அடோவஸ்டற்றின் சிலருக்குத் தசையைப் பாதிக்கும். இதைக் கேட்டதும் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவது பெரிய தவறு. அட்டெனோலோல் வகையைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலி, மாரடைப்புவரை போகலாம். கிளினிக் கொப்பியையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சிறுநீரக நோயாளி பலவீனத்துக்கு மருந்தென்று செவ்விளநீர் குடிப்பது ஆபத்து. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் தசை தளரும், நாடி விழும், இதயமே நின்றுபோகலாம். பிரஷருக்கு லொசார்டன், எனலப்ரில் எடுப்பவர்களுக்கு இந்த அபாயம் இன்னும் கூடும்.

மருந்தடித்துவிட்டு வந்தவருக்கு நாடி மெதுவாகி, கண்மணி சுருங்கி, எச்சிலும் வியர்வையும் பெருகித் தசை துடித்தால் அது பூச்சிமருந்து நஞ்சாக இருக்கலாம். உடுப்பைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துப் போத்தலின் லேபிளோடு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தேறியதுபோல் தெரிந்தாலும் வீட்டுக்குக் கூட்டிவர அவசரப்பட வேண்டாம். ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் கழுத்தும் மூச்சுத் தசைகளும் தளரக்கூடும்.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், விழுங்க முடியாமை, ஒருபக்கக் கை கால் செயலிழப்பு: இவற்றில் ஒன்று வந்தாலும் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் சொல்லி, பிரதான வீதிச் சந்தியில் ஒருவரை நிறுத்திவையுங்கள்.