வட்ஸ்அப்பும் யூரியூப்பும் தெரிந்தால் ஒன்லைனில் படிக்கலாம்: வளர்ந்தவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

யாழ்ப்பாணத்தில் ஒன்லைன் படிப்பு என்றால் பிள்ளைகளின் சூம் வகுப்புத்தான் முதலில் நினைவுக்கு வரும். 2020 இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது அது வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது. பிள்ளைக்குப் போனைப் பிடித்துக் கொடுத்த அம்மாவும் அப்பாவும் தாங்களும் எதையாவது படிக்கலாம் என்று யோசித்தார்களா என்பது வேறு கதை. இந்த விளக்கம் அவர்களுக்கு. முப்பதோ அறுபதோ, வயது எதுவானாலும் சரி. வட்ஸ்அப்பில் படம் அனுப்பவும் யூரியூப்பில் தேடிப் பார்க்கவும் தெரிந்தால் போதும்.

உதாரணத்துக்கு ஒன்று வேண்டும் என்பதால், சின்னக் கடை ஒன்றின் வரவு செலவைக் கூகிள் ஷீற்றில் (கட்டம் கட்டமாக எழுதிக் கணக்குப் பார்க்கும் செயலி) எழுதப் பழகும் ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் தையல், ஆங்கிலம், வீட்டுத்தோட்டம் என்று எதை வேண்டுமானாலும் அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

தொடங்குமுன் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு செயலிக்கு ஒரு வேலைதான் கொடுக்க வேண்டும். பார்ப்பதற்கு யூரியூப், சேர்த்து வைப்பதற்கு வட்ஸ்அப், கேட்பதற்குப் பேஸ்புக் குழு. எல்லாவற்றிலும் எல்லாவற்றையும் செய்யப் போனால் படிப்பு எது, பொழுதுபோக்கு எது என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

படி 1: என்ன படிக்கப் போகிறீர்கள் என்று ஒரு வசனம் எழுதுங்கள்

"கொம்பியூட்டர் பழக வேண்டும்" என்று எழுதினால் யூரியூப் உங்களை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும். "ஒவ்வொரு நாள் விற்பனையையும் ஷீற்றில் எழுதி, மாத முடிவில் கூட்டுத்தொகை எடுக்க வேண்டும்" என்று எழுதினால், எந்த வீடியோ தேவை, எது தேவையில்லை என்பது உடனே விளங்கும். கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஆம், கொப்பியும் பேனையும் வேண்டும். போனில் பார்த்துக்கொண்டே அதே போனில் குறிப்பு எடுப்பது கரைச்சல்.

படி 2: கணக்கு உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்

எங்கள் பக்கத்தில் இது பெரிய பிரச்சினை. போனை வாங்கி அனுப்பிய மகன் கனடாவில் இருந்தபடியே ஜிமெயிலும் போட்டுத் தந்திருப்பார். கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும். சரிபார்க்கும் குறியீடும் அவருடைய இலக்கத்துக்குத்தான் போகும். இங்கே காலையில் நீங்கள் படிக்க இருக்கும்போது அங்கே அவருக்கு நடு இரவு.

ஆகவே படிப்புக்கென்று புதிதாக ஒரு ஜிமெயில் கணக்குத் திறவுங்கள். மீட்பு இலக்கமாக உங்கள் போன் இலக்கத்தைக் கொடுங்கள். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி ஆங்கிலத்தில் எழுதுங்கள். பின்னர் ஏதாவது பாடநெறியில் சான்றிதழ் எடுக்கும்போது ஒரே பெயர் இருப்பது நல்லது. கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

புதுக் கணக்கால் இன்னொரு நன்மையும் உண்டு. நீங்கள் பார்த்ததை வைத்துத்தான் யூரியூப் அடுத்த வீடியோவைக் காட்டுகிறது. பழைய கணக்கில் சீரியலும் சமையலும் வந்துகொண்டேயிருக்கும். புதுக் கணக்குக்கு மாறிப் பாடங்களை மட்டும் பார்த்தால், கொஞ்ச நாளில் முகப்பில் பெரும்பாலும் பாடம் தொடர்பான வீடியோக்களே வரும்.

படி 3: தமிழில் எழுதும் வழியைச் சரிசெய்யுங்கள்

கேள்வி கேட்க வேண்டுமென்றால் எழுத வேண்டும். அன்ட்ரொயிட் போன் என்றால் ஜிபோர்ட் விசைப்பலகையின் செற்றிங்ஸில் மொழிகள் என்ற இடத்துக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். தமிழ் எழுத்துகளை நேரடியாகத் தட்டலாம். ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாறும் முறையும் இருக்கிறது. தட்டுவது சிரமம் என்றால் மைக் படத்தை அழுத்திப் பேசுங்கள். கூகிளின் குரல் தட்டச்சு மொழிகளில் தமிழ் (இலங்கை) என்று தனியாகவே உண்டு. "வாறன், போறன்" என்று வேகமாகக் கதைத்தால் அது தடுமாறலாம். வானொலியில் செய்தி வாசிப்பவர் போல நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள், வடிவாக எழுதும்.

படி 4: யூரியூப்பில் ஓர் ஆசிரியரைத் தெரிந்தெடுங்கள்

தேடும்போது எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடுங்கள். நாம் "ஷீற்" என்று எழுதுவதைத் தமிழ்நாட்டில் "ஷீட்" என்று எழுதுவார்கள், தமிழ் வீடியோக்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. ஆங்கிலத்தில் "கூகிள் ஷீற்ஸ்" என்று எழுதி, பக்கத்தில் "தமிழ்" என்றும் ஆங்கில எழுத்தில் போட்டால் இன்னும் கூடக் கிடைக்கும்.

மூன்று நான்கு பேரின் முதல் வீடியோவை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். வீடியோக்களை ஒழுங்காக அடுக்கித் தொடராக வைத்திருப்பவர் நல்லது. பத்துப் பேரிடம் முதலாம் பாடம் பார்ப்பதைவிட ஒருவரிடம் பத்தாம் பாடம் வரை போவது மேல். தேவையான வீடியோக்களை "சேவ்" அழுத்தி உங்களுக்கென்று ஒரு பட்டியலில் போடுங்கள். அடுத்த முறை யூரியூப் திறந்ததும் முகப்பைப் பார்க்காமல் நேரே அந்தப் பட்டியலுக்குப் போங்கள். குறும் வீடியோக்கள் பக்கம் போகவே வேண்டாம், அங்கே போனால் அரை மணித்தியாலம் போவதே தெரியாது.

பேச்சு வேகமாக இருந்தால் வேகத்தை 0.75 ஆக்குங்கள். டேட்டா கவலை என்றால் படத்தின் தரத்தை 360 பி ஆக்குங்கள். 1080 பி உடன் ஒப்பிட்டால் டேட்டா பல மடங்கு குறையும். சின்ன எழுத்துகளைக் காட்டும் இடத்தில் மட்டும் தரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். சமூக ஊடகங்களுக்கு மட்டும் என்று விற்கும் பக்கேஜ் ரீலோட் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பக்கேஜ் குறிப்பிட்ட செயலிகளுக்கு மட்டும்தான். வீடியோவின் கீழுள்ள இணைப்பை அழுத்தி வேறொரு தளத்துக்குப் போனால் சாதாரண டேட்டாவில்தான் கழியும்.

விளங்காத இடம் வந்தால் நிறுத்தி, நிமிடத்தைக் கொப்பியில் எழுதுங்கள். வீடியோவின் கீழே கருத்தில் "3:42 இல் விளங்கவில்லை" என்று எழுதினால் அந்த எண் தானாகவே இணைப்பாகிவிடும். பார்ப்பவர் அழுத்தினால் சரியாக அந்த இடத்துக்கே போவார்.

படி 5: வட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்புங்கள்

வட்ஸ்அப்பில் புது உரையாடல் தொடங்கும் இடத்தில் உங்கள் பெயரும் இருக்கும். அதை அழுத்தினால் நீங்களே உங்களுக்குச் செய்தி அனுப்பலாம். வீடியோ இணைப்பு, கொப்பிப் பக்கத்தின் படம், பிடிஎஃப் எல்லாம் அங்கே போகட்டும். முக்கியமானதற்கு நட்சத்திரம் போட்டால் பிறகு தேடி எடுப்பது சுலபம்.

படிப்புக் குழுக்களில் சேருமுன் இரண்டு மாற்றங்கள். பிரைவசி என்ற இடத்தில் "குறூப்ஸ்" என்பதற்குள் போய், உங்கள் தொடர்புகளில் இருப்பவர்கள் மட்டுமே உங்களைக் குழுவில் சேர்க்கலாம் என்று வையுங்கள். அப்புறம், படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். காலை வணக்கப் பூப்படங்களாலேயே போன் நிரம்பிவிடும்.

யாராவது, படிப்புக் குழுவின் அட்மின் என்று சொல்பவராக இருந்தாலும், எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த 6 இலக்கக் குறியீட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள். அது உங்கள் வட்ஸ்அப் கணக்கை வேறொரு போனில் திறப்பதற்கான குறியீடு. எந்த வகுப்பில் சேரவும் அது தேவையில்லை.

படி 6: கேட்பதற்கு ஒரு குழுவைப் பிடியுங்கள்

பேஸ்புக்கில் உங்கள் பாடத்தின் பெயரில் குழுக்களைத் தேடுங்கள். சேருமுன் கடைசிப் பத்துப் பதிவுகளைப் பாருங்கள். கேட்பவர்களுக்குப் பதில் வருகிறதா, பதில் சொல்பவர் பலரா ஒருவரா, கேலி செய்கிறார்களா, ஒவ்வொரு பதிவின் அடியிலும் காசு கட்டிச் சேரும் வகுப்பு விளம்பரம் இருக்கிறதா? ஆயிரக்கணக்கான உறுப்பினர் இருந்தும் கேள்விகள் அநாதையாகக் கிடந்தால் அந்தக் குழுவால் பயனில்லை.

இங்கேதான் வளர்ந்தவர்களுக்குக் கால் பின்வாங்கும். பிள்ளை வகுப்பில் கேள்வி கேட்டால் கெட்டிக்காரன் என்கிறோம். ஐம்பது வயது அண்ணை கேட்டால் "இது கூடத் தெரியாதோ" என்று ஊர் சொல்லுமோ என்ற பயம். அது பொய்ப் பயமும் இல்லை. பொதுக் குழுவில் எழுதுவதை யாரும் பார்க்கலாம், உங்கள் நண்பர் பட்டியலில் இருக்கும் சொந்தக்காரர் உட்பட. ஆகவே தனிப்பட்ட குழுவாகப் பார்த்துச் சேருங்கள், அங்கே எழுதுவது உறுப்பினருக்கு மட்டுமே தெரியும். சில குழுக்களில் பெயர் காட்டாமல் பதிவிடும் வசதியும் உண்டு. ஆனால் குழுவை நடத்துபவர்களுக்கு உங்கள் பெயர் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

கூச்சத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2008 இல் கனடாவின் மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் சீமன்சும் ஸ்ரீபன் டவுன்சும் ஒரு பாடநெறியை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். காசு கட்டிப் படித்தவர்கள் 25 பேரளவில்தான், இலவசமாகச் சேர்ந்தவர்கள் 2,000 க்கும் மேல். அவர்கள் ஒரே தளத்தில் அடைந்து கிடக்கவில்லை. தங்கள் தங்கள் பக்கங்களிலும் குழுக்களிலும் எழுதி, ஒருவருக்கொருவர் பதில் சொல்லிப் படித்தார்கள். பிறகு பெரும் எடுப்பில் வந்த திறந்த இணையப் பாடநெறிகள் பலவற்றில் வீடியோதான் மிஞ்சியது, அந்தக் கதைபேச்சுக் குறைந்துபோனது. குழுவில் நீங்கள் எழுதும் கேள்வி அதைத் திரும்பக் கொண்டுவருகிறது.

படி 7: பதில் வரும் மாதிரிக் கேளுங்கள்

குழுக்களில் அடிக்கடி காணும் கேள்வி இப்படி இருக்கும்: "சேர், எனக்குக் கணக்குச் சரியா வருகுதில்லை, உதவி செய்யுங்கோ." மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் பதில் சொல்பவர் எங்கே தொடங்குவார்? அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"போனில் கூகிள் ஷீற் பாவிக்கிறேன். பி2 முதல் பி9 வரை நாளாந்த விற்பனையை எழுதினேன். பி10 இல் எல்லாவற்றையும் கூட்டச் சம் போட்டேன். 14,500 வர வேண்டும், 0 வருகிறது. படம் இணைத்திருக்கிறேன்."

எதில் செய்கிறீர்கள், என்ன செய்தீர்கள், என்ன வர வேண்டும், என்ன வந்தது, கூடவே ஒரு படம். படத்தைப் பார்த்ததுமே தெரிந்தவர் பிடித்துவிடுவார்: ஒவ்வொரு கட்டத்திலும் "ரூ. 1,500" என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணுக்கு முன் "ரூ." என்று எழுத்தைப் போட்டதால் ஷீற் அதை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்க்கிறது. சம் எழுத்துகளைக் கூட்டாது, விட்டுவிடும். 1500 என்று மட்டும் எழுதி, ரூபாய் அடையாளத்தைப் பின்னர் எண் வடிவமைப்பில் கொடுத்தால் சரி. ஓர் அடையாளமும் உண்டு: நீங்கள் எதையும் மாற்றாத கட்டத்தில் எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும்.

படம் எடுத்து அனுப்புமுன் ஒரு தடவை பாருங்கள். கடன் வாங்கியவர்களின் பெயரும் போன் இலக்கமும் ஷீற்றில் தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். ஊரில் யார் யாருக்குக் கடன் என்பது குழுவுக்கு வேண்டாத விஷயம்.

பதில் கிடைத்ததும் "நன்றி" யோடு நிற்காமல், செய்து பார்த்தேன், வந்தது அல்லது வரவில்லை என்று எழுதுங்கள். கேள்வியை அழித்துவிடாதீர்கள், நாளைக்கு இன்னொருவர் தேடி வருவார். "இன்பொக்ஸில் வாங்க, சொல்லித் தாறன்" என்று தெரியாத ஒருவர் கூப்பிட்டால், குறிப்பாகப் பெண்களுக்கு இது கனக்க நடக்கும், "இங்கேயே சொல்லுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்" என்று எழுதிவிடுங்கள். உண்மையில் சொல்லித்தர வந்தவர் அங்கேயே சொல்வார்.

படி 8: நேரடி வகுப்பு

நாலைந்து பேர் சேர்ந்தால் நீங்களே கூடிப் படிக்கலாம். சூமில் இலவசக் கணக்கென்றால் ஒரு சந்திப்பு 40 நிமிடத்தில் நின்றுவிடும், கூகிள் மீற்றில் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிடம். எனக்கு 40 நிமிடமே போதும் என்று தோன்றுகிறது, அதற்குமேல் கதை ஊர்ப் புதினத்துக்குப் போய்விடும். பேசாத நேரத்தில் மைக்கை மூடி வையுங்கள். நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடியேறிய பிறகு கோயிலடியில் இருப்பவர்கள், சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்பதால், 25 நாளும் எழுத்திலேயே கேட்டுக்கொள்வது உத்தமம்.

படி 9: சான்றிதழ் வேண்டுமென்றால்

சமூக ஊடகத்தில் படிப்பு வரும், சான்றிதழ் வராது. வட்ஸ்அப் குழுவில் சேர்ந்து காசு கட்டினால் சான்றிதழ் என்று யாராவது சொன்னால், அதை எந்த நிறுவனம் தருகிறது என்று அந்த நிறுவனத்திடமே நேரில் கேளுங்கள். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்காக 1980 இல் தொடங்கப்பட்டது, அதன் யாழ்ப்பாணப் பிராந்திய நிலையம் கொக்குவிலில் இருக்கிறது. ஓ.எல். கணிதத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் திரும்ப எடுக்க விரும்புபவர்களுக்குக் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழில் பாடங்கள் உண்டு. ஈழத்துப் பழைய புத்தகங்களும் சஞ்சிகைகளும் வேண்டுமென்றால் 2005 இல் தொடங்கிய நூலகம் தளத்தில் இலவசமாக வாசிக்கலாம்.

படி 10: தேவையில்லாத குழுக்களை விட்டு வெளியேறுங்கள்

மாதம் ஒருமுறை குழுப் பட்டியலைப் பாருங்கள். ஒன்றும் பழகக் கிடைக்காத குழுவை விட்டுவிடலாம். வட்ஸ்அப்பில் இப்போது நீங்கள் வெளியேறினால் அட்மினுக்கு மட்டுமே அறிவிப்புப் போகும், எல்லோருக்கும் போகாது. ஆனால் கடந்த 60 நாளில் வெளியேறியவர்களின் பட்டியல் குழு விபரத்தில் இருக்கும், தேடிப் பார்ப்பவர் கண்டுபிடிப்பார். குழுவின் அட்மின் உங்கள் மாமியென்றால் வெளியேறாதீர்கள். மியூட் செய்து ஆர்க்கைவில் போட்டுவிடுங்கள்.